கொடைக்கானலில் 26 பேர், 3 ராத்திரி: சொந்தபந்தம் கூடும் விடுமுறைக்கு என்னென்ன யோசிக்கணும்?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 26 மதியம் மலையேறி 29 காலையில் இறங்குவதாகத் திட்டம். அப்பா வழிச் சொந்தம் மொத்தம் 26 பேர். 65 வயதைத் தாண்டியவர்கள் 5, மற்ற பெரியவர்கள் 14, ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 5, அதற்கும் சின்னதுகள் 2. மதுரை, திருப்பூர், சென்னை என்று மூன்று ஊரிலிருந்து வருகிறோம். வில்பட்டி போகிற சாலையில் 7 அறை, 4 குளியலறை உள்ள தனி வீடு பேசியாயிற்று. அடுப்படியும் பாத்திரமும் தருகிறார்கள், சமையலுக்கு ஆள் கிடையாது.

நாங்களே சமைத்துக்கொள்ளலாமா? இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்குமா? வெந்நீர், வண்டி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? பெண்கள் மூன்று நாளும் அடுப்படியிலேயே நிற்கக் கூடாது என்பது அத்தைகள் போட்ட ஒரே நிபந்தனை.


அடுப்படி ராசா:

தாராளமா சமைக்கலாம். ஆனா மதுரையில சமைக்கிற கணக்கை அப்படியே மேல கொண்டுபோகாதீங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்க தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிரும். எவ்வளவு தீ வச்சாலும் திறந்த பாத்திரத்துல அதுக்கு மேல சூடு ஏறாது. அதனால உலையில போடுற அரிசி, பருப்பு, கடலை எல்லாமே இழுத்துக்கிட்டே போகும், கேஸ்தான் தீரும். 10 லிட்டர் குக்கர் ரெண்டு கீழயிருந்தே கொண்டு போங்க. வீட்டுல இருக்குற குக்கரை நம்பாதீங்க, பாதிக்குப் பாதி கேஸ்கட் தேஞ்சிருக்கும். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் கூடுதலா ஒண்ணு பையில இருக்கட்டும். குக்கருக்குள்ளயும் கீழ்நாட்டை விட நாலஞ்சு டிகிரி குறைவுதான், அதனால வழக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு விசில் கூட விடுங்க.

அளவு சொல்றேன். மதியச் சோத்துக்கு இரண்டரைக் கிலோ அரிசி. ஒரு குக்கருக்கு ஒன்னேகால் கிலோ, அதுக்கு மேல திணிச்சா நடுவுல வேகாது. சாம்பாருக்கு துவரம்பருப்பு 650 கிராம், சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊறணும். புளியும் தக்காளியும் பருப்பு முழுசா மசிஞ்ச பிறகுதான். புளிப்பு முன்னாடியே சேர்ந்தா பருப்பு கெட்டிப்பட்டு நிக்கும், குளிரூர்ல அது ரெண்டு மடங்கு தொந்தரவு. கொண்டைக்கடலை சுண்டல் வேணும்னா ராத்திரி பச்சைத் தண்ணியில போட்டா காலையில ஊறியிருக்காது. கொதிக்கிற தண்ணி ஊத்தி ஹாட்பாக்ஸ்ல மூடி வைங்க.

இட்லி மாவுக்கு வருவோம். அறையே 10, 12 டிகிரியில கிடக்கும்போது மாவு ஒரு நாள் ஆனாலும் அசையாது. நல்ல வழி, 25ஆம் தேதி சாயங்காலம் மதுரையில ஆட்டி, ராத்திரி பொங்க விட்டு, கால்வாசி எழும்பினதும் உப்பு போட்டுக் கலக்கி எடுத்துட்டுப் போறது. மேல போனதும் அந்தக் குளிரே ஃபிரிட்ஜ் வேலை பார்க்கும், ரெண்டு நாளைக்குப் புளிக்காது. 2 கிலோ இட்லி அரிசிக்கு அரைக் கிலோ உளுந்து போட்டா 110 இட்லிக்குக் குறையாது, ஒரு வேளைக்கு அது போதும். தூக்குவாளியில பாதி அளவுக்குத்தான் ஊத்தணும், மூடியை இறுக்காதீங்க. மலை ஏற ஏற வெளிக்காத்தோட அழுத்தம் குறையும், உள்ள மாவும் பொங்கிட்டே இருக்கும். இறுக்கி மூடின டப்பா பண்ணைக்காடு தாண்டுறதுக்குள்ள வண்டியெல்லாம் மாவு பண்ணிரும். சிப்ஸ் பாக்கெட்டு உப்பிக்கிட்டு நிக்குதே, அதே காரணம்தான்.

அங்கேயே ஆட்டித்தான் ஆகணும்னா ஒரு தெர்மோகோல் பெட்டி வேணும். நடுவுல மாவுச் சட்டி, ரெண்டு பக்கமும் கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர் நிரப்பின ஸ்டீல் பாட்டில். அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, 12லிருந்து 14 மணி நேரத்துல வந்துரும். உப்பு பொங்கின பிறகு. தயிர் உறையுறதுக்கும் அதே பெட்டிதான். இட்லி வேகவும் வழக்கத்தை விட மூணு நாலு நிமிஷம் கூட ஆகும்.

அத்தைங்க நிபந்தனைக்கு என் பதில்: தோசை, பூரி, சப்பாத்தி மூணையும் பட்டியல்லருந்து அடிச்சிருங்க. 26 பேருக்குத் தோசைன்னா ஒரு ஆள் காலை ஏழரைக்குக் கல்லு முன்னாடி நின்னா பத்து மணிக்குத்தான் நகர முடியும். ஒரே அண்டாவுல முடியுற சமையலா வச்சுக்கங்க. முதல் நாள் ராத்திரிக்குப் புளியோதரை கீழயிருந்தே வந்துரட்டும், மேல மிளகு ரசம் மட்டும் சூடா. மறுநாள் காலை இட்லி, மதியம் சாம்பார், பீன்ஸ் கேரட் பொரியல், ராத்திரி கோதுமை ரவை உப்புமா. அதுக்கு அடுத்த காலை வெண்பொங்கல் (பச்சரிசி ஒன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ), மதியம் பிரியாணி. பிரியாணிக்கு 3 கிலோ அரிசி, 4 கிலோ கறி. கறியைக் குக்கர்ல முக்கால் வேக்காடு வேகவச்சு அப்புறம் அரிசியோட சேருங்க. தம்முலயே வெந்துரும்னு விட்டா 93 டிகிரியில ரப்பர் மாதிரிதான் இருக்கும்.

தேங்காய், வாழையிலை, சின்ன வெங்காயம், கறி எல்லாம் வத்தலக்குண்டுலயே வாங்கிருங்க. கேரட், பீன்ஸ், உருளை, முட்டைக்கோஸ், பூண்டு மேல. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. காரம் தூக்கல், ரசத்துக்கு வழக்கமா போடுறதுல முக்கால் போதும். தேங்காய் எண்ணெய் பாட்டில்லயே கல்லா உறைஞ்சு கிடக்கும், வெந்நீர்ல நிக்க வைங்க.

கேஸ் பத்தி ஒரு வார்த்தை. பெரிய அடுப்பை முழுத் தீயில ரொம்ப நேரம் எரிச்சா சிலிண்டர் வெளிப்பக்கம் வேர்த்து, தீ தானாச் சின்னதாகும். கேஸ் தீரலை. உள்ள இருக்குற திரவம் ஆவியாகி ஆவியாகிக் குளிர்ந்து போச்சு, அவ்வளவுதான். ரெண்டு சிலிண்டரை மாத்தி மாத்திப் போடுங்க, இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணி இருக்குற அகலத் தட்டுல நிக்க வைங்க. கொதிக்கிற தண்ணியோ தீயோ கிட்டவே போகக் கூடாது.

டீக்கு: ஒரு வேளைக்கு 20 டம்ளர்னா ஒன்னேகால் லிட்டர் பால், முக்கால் லிட்டர் தண்ணி, தூள் 50 கிராம், இஞ்சி ஒரு பெரிய துண்டு. நாளைக்கு மூணு வேளை ஓடும், நாலும் ஓடலாம். பாலை அதுக்குத் தக்க சொல்லி வைங்க.


பனிமூட்டம்:

சமையல் பற்றி மேலே சொன்னது சரி. வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். கொடைக்கானலில் வாடகை வீடு பார்க்கிறவர்கள் அறையை எண்ணுகிறார்கள், எண்ண வேண்டியது வெந்நீரை.

25 லிட்டர் கீசர், 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி அளவில் இருந்தால், 60 டிகிரிக்கு ஏற 40 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதைக் குளிக்கும் சூட்டுக்கு விளாவினால் 43 லிட்டர், அதாவது பெரிய வாளியில் இரண்டரை. ஆளுக்கு ஒரு வாளி என்றாலும் ஒரு தடவைக்கு இரண்டு பேர். நான்கு குளியலறையில் 26 பேர் குளித்து முடிக்கக் குறைந்தது இரண்டரை மணி நேரம். எல்லோரும் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று திட்டம் போட்டால் முதல் சண்டை குளியலறை வாசலில்தான். பிள்ளைகளுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கே குளியலை முடித்துவிடுங்கள். வயதானவர்கள் வெயில் வந்த பிறகு, பத்து மணிக்கு மேல்.

நான்கு கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 8 கிலோவாட். ஒரு முனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பில் 32 ஆம்பியர் எம்சிபி, அதாவது சுமை மீறினால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், தாங்குவது சுமார் 7 கிலோவாட். அதோடு யாராவது ஹீட்டரோ இண்டக்‌ஷன் அடுப்போ போட்டால் வீடே இருட்டு. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: மூன்று முனை இணைப்பா, ஜெனரேட்டரில் கீசர் ஓடுமா (பெரும்பாலும் விளக்கு மட்டும்தான்), விறகு பாய்லர் உண்டா. விறகு பாய்லர் உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். சோலார் என்று சொன்னால் மூட்டமான நாளில் அதை நம்ப முடியாது.

படுக்கைக்குத் தடிமனான ஒரு கம்பளியை விட மெல்லியது இரண்டு நல்லது, இடையில் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. தரையில் படுக்கிறவர்களுக்குப் போர்வையை விட அடியில் விரிப்பதுதான் முக்கியம். கோரைப்பாய், அதன் மேல் ஜமக்காளம், அதன் மேல் மெத்தை. கீழ்த்தளத்தில் கழிப்பறையை ஒட்டிய அறைகள் பெரியவர்களுக்கு. இதை முன்பதிவின்போதே பெயர் எழுதி ஒதுக்கிவிடுங்கள். போய் இறங்கியபின் பேசினால் முதலில் பை வைத்தவர் அறை என்று ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கரி அடுப்பையோ பார்பெக்யூ கங்கையோ குளிருக்காக அறைக்குள் கொண்டுவந்து கதவை மூடிக்கொண்டு தூங்கக் கூடாது. அணைந்தது போலத் தெரியும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, புகை இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும், தூக்கத்தில் அதுவும் தெரியாது. மலையூர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. யாருக்காவது அந்த அறிகுறி வந்தால் உடனே வெளியே தூக்கி வந்து 108ஐக் கூப்பிடுங்கள். கணப்பு உள்ள வீடானால் புகைக்கூண்டு அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று ஒரு செய்தித்தாளைக் கொளுத்திப் பாருங்கள், புகை அறைக்குள் திரும்பினால் அதைத் தொடவே வேண்டாம். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் சன்னல் திறந்தே இருக்கட்டும்.

மிச்சச் சோற்றை வேலி ஓரம் கொட்டாதீர்கள். இரவில் காட்டுமாடு வரும். நின்று பார்த்தால் சாது, டார்ச் அடித்துக் கிட்டே போய்ப் படம் எடுத்தால் சாது இல்லை. இருட்டிய பிறகு பிள்ளைகள் தனியாக வாசல் தாண்ட வேண்டாம்.


கொண்டை ஊசி:

வண்டி நான் சொல்றேண்ணே. இ-பாஸ் 2024 மே 7லருந்து இருக்கு, கோர்ட் உத்தரவு. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா அரசு இணையதளத்துல எடுக்கணும். வண்டி நம்பர், ஆள் எண்ணிக்கை, தங்குற இடம் கேக்கும். சீசன்ல வண்டிக்கு உச்சவரம்பு வச்சதும் உண்டு, அதனால தேதி முடிவானதுமே விதியைப் பார்த்து எடுத்து வச்சிருங்க. அஞ்சு லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் ஏத்தாதீங்க, பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரின்னு போட்டிருக்காங்க. ஸ்டீல் பாட்டில் போதும்.

26 பேரும் ஒரே வண்டியில போகணும்னு ஆசைப்படாதீங்க. ஒரு டெம்போ டிராவலர், ஒரு இன்னோவா, ஒரு கார்னு இருந்தா பாட்டி மட்டும் வீட்டுக்குத் திரும்பணும்னா மத்தவங்க ஊர் சுத்துறது நிக்காது. வில்பட்டிப் பக்கம் சந்தெல்லாம் செங்குத்து. டெம்போ வாசல் வரைக்கும் வருமா, திருப்ப இடம் இருக்கான்னு வீட்டுக்காரர்ட்ட போட்டோ வாங்கிப் பாருங்க. சென்னை ஆளுங்க பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல கொடை ரோடு இறங்கினா விடியக்காலை, அங்கருந்து மலை 80 கிலோமீட்டர். திருப்பூர் ஆளுங்களுக்குப் பழனி வழி பக்கம், ரெண்டு ரோடும் பெருமாள்மலையில சேரும்.

நீங்க மதியம் ஏறுறதா எழுதியிருக்கீங்க. டிசம்பர் கடைசி வாரத்துல அது தப்பான நேரம். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கிட்ட வண்டி நின்னா நகராது, மூணு நாலு மணிக்கு மூட்டமும் இறங்கிரும். காலை ஆறு மணிக்கு, மலை ஏற ஆரம்பிக்கிற காட்ரோடு தாண்டுற மாதிரி வாங்க. மூட்டத்துல லோ பீம்தான், ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவருதான் தெரியும். ஏறுற வண்டிக்கு வழி விடணும். இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டு வந்தா சூடேறிப் பிடிக்காமப் போகும்.

வாந்திக்கு: கிளம்புறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, சட்னி மட்டும். பால், பூரி, வடை கூடாது. வெறும் வயிறும் ஆகாது. வாந்தி வர்ற ஆளை முன் சீட்டுல உக்கார வச்சு தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க, போன் பார்த்தா அடுத்த வளைவுலயே வந்துரும். அவோமின் மாத்திரைன்னா மலை ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முந்தி, தூக்கம் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர்ட்ட கேட்டுத்தான். ஓட்டுறவர் அதைத் தொடவே கூடாது.


வைகைக்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. புறப்பாட்டைக் காலைக்கு மாற்றிவிட்டோம். இன்னும் இரண்டு கேள்விகள். செலவை எப்படிப் பிரிப்பது? ஒருவர் கணக்குப் போட்டால் மற்றவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வீசிங் உண்டு, சித்திக்கு மூட்டு வலி. அவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவது?


மூத்த மருமகள்:

செலவை இரண்டாகப் பிரியுங்கள் தம்பி. வாடகை அறைக் கணக்கில், சாப்பாடும் மளிகையும் தலைக் கணக்கில். பெரியவர்களுக்கு ஒரு பங்கு, பன்னிரண்டு வயது வரை அரைப் பங்கு, ஐந்துக்குக் கீழ் கிடையாது. உங்கள் கூட்டத்தில் 19 முழுப் பங்கு, 5 அரைப் பங்கு, ஆக 21.5. சாப்பாட்டுக்கு 32,250 ஆனால் பங்குக்கு 1,500. பாட்டி தாத்தாக்களின் ஐந்து பங்கை அவரவர் பிள்ளைகள் ஏற்கட்டும். பணத்தை ஏறுவதற்கு முன்பே ஒரே ஆளிடம் ஜிபேயில் சேர்த்துவிடுங்கள், கணக்கு எல்லோரும் பார்க்கும் குழுவில் அன்றன்றே போகட்டும். மலையில் நின்று "பால் வாங்கினது யாரு" என்று கேட்பது அழகாக இருக்காது. டிரைவர் படி, அவர் சாப்பாடு, தங்கும் இடம் மூன்றும் பொதுக் கணக்கில். அதை எல்லோரும் மறப்பார்கள்.

அடுப்படிக்கு முறை போடுங்கள், ஆண்களையும் சேர்த்து. காலை டீ, தேங்காய்த் துருவல், பரிமாறுதல் ஆண்கள் முறை என்று எழுதி ஒட்டிவிட்டால் யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. சமையலைவிடப் பாத்திரம்தான் முதுகை ஒடிக்கும். அங்கே பச்சைத் தண்ணீரில் கறிக்கொழுப்பு மெழுகாக ஒட்டிக்கொள்ளும், அப்படியே கழுவினால் குழாயும் அடைக்கும். முதலில் காகிதத்தால் வழித்துவிட்டு வெந்நீரில் தேய்க்க வேண்டும். அதற்கு மட்டும் உள்ளூரில் ஓர் அக்காவைக் காலை, மாலை இரண்டு வேளைக்குப் பேசிக்கொள்ளுங்கள், சம்பளம் முன்கூட்டியே. சாப்பாட்டுக்கு வாழையிலையே போடுங்கள், ஸ்டீல் தட்டில் சாம்பார் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

ஊர் சுற்றுவது ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள். தூண்பாறை, குணா குகை வட்டம் அந்த வாரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற சுற்றுலா. பார்க்காதவர்கள் மட்டும் காரில் போய் வரட்டும். சித்திக்குக் கோக்கர்ஸ் வாக். 1872இல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான், உட்கார இடம் உண்டு, மூட்டம் ஏறுமுன் போனால்தான் கீழே ஊர் தெரியும். ஏரி 1863இல் உருவாக்கியது, சுற்றிவர ஐந்து கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள். இன்னொரு நாள் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலும் படிப்படியான பூண்டு வயலும், பெரியவர்களுக்குச் சாமி, பிள்ளைகளுக்கு வெளி. குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் நல்ல இடம்தான், ஆனால் குறிஞ்சிப் பூவைக் கேட்காதீர்கள், கடைசியாகப் பூத்தது 2018, அடுத்தது 2030.

பெரியப்பாவுக்கு இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர். குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும், மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்ப் ஃபயரை மாலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடியுங்கள். காய்ந்த விறகு 20 கிலோ போதும், கடையில் வாங்கியது. காட்டில் பொறுக்குவது குற்றம். ஈர யூகலிப்டஸ் கட்டை புகையைக் கக்கும், பெரியப்பா காற்று வரும் பக்கமாக உட்காரட்டும், புகை போகும் பக்கம் வேண்டாம்.

மற்ற நேரமெல்லாம் வீடுதான். பழைய கல்யாண ஆல்பங்களைக் கொண்டுபோங்கள், ஒரு பெரிய சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும். பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வம்சத்தை எழுதட்டும், யார் யாருக்கு மாமா, யார் அத்தை மகன் என்பது அதிலேயே பிடிபடும். பேச்சைப் போனில் பதிவு பண்ணுங்கள், பாட்டிக்கு ஒரு முழத்துக்குள் போன் இருந்தால்தான் குரல் தெளிவாக வரும். தாயம், ஆடு புலி ஆட்டம் தரையில் சாக்பீஸால் போதும். ஹவுசி என்றால் 26 பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம், பரிசு பத்து ரூபாய்க்கு மேல் வேண்டாம். வீட்டு மனைப் பேச்சு, யார் பிள்ளை எத்தனை மார்க் என்ற பேச்சு இரண்டுக்கும் மூன்று நாள் விடுமுறை.


கோத்தகிரிக்காரன்:

நீலகிரிப் பக்கம் இதே மாதிரி கூட நினைப்பவர்களுக்கு: ஊட்டி 2,240 மீட்டர், டிசம்பரில் உறைபனி விழும். கோத்தகிரியும் குன்னூரும் சுமார் 1,800தான், வயதானவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். இ-பாஸ் இங்கேயும் உண்டு, டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிகளுக்கு மட்டும் தேவையில்லை. மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து 26 டிக்கெட் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ஏறினால் பாட்டிகளுக்கும் அலுப்பில்லை. இங்கே காட்டுமாட்டோடு கரடியும் வரும். எண்ணெய், வெல்லம், பலாப்பழ வாசனைக்குக் கதவையே பிய்க்கும், அடுப்படிச் சன்னலை ராத்திரி சாத்துங்கள். டீக்கு வர்க்கி வாங்கினால் காற்றுப் புகாத டப்பா, மூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும்.


அடுப்படி ராசா:

மூத்த மருமகள் அக்கா சொன்னதுல ஒண்ணே ஒண்ணுக்கு மறுப்பு. பிரியாணி அன்னைக்கு மட்டும் ஒரு மாஸ்டரைப் பேசிருங்க. 4 கிலோ கறியை முறை போட்டுச் சமைச்சா உப்பை ரெண்டு பேர் போட்டிருப்பாங்க. மாஸ்டர் அண்டா, கரண்டி கொண்டு வருவாரான்னு கேட்டுக்கங்க, வீட்டுப் பாத்திரத்துல 3 கிலோ அரிசி பிரியாணி அடங்காது.

29ஆம் தேதி காலைக்கு அடுப்பே பத்த வேண்டாம். அன்னைக்கு டீயும் பிரெட்டும் போதும். ஏழு மணிக்கு இறங்க ஆரம்பிச்சா வத்தலக்குண்டுல சூடான இட்லி.